மதிலில் பெயர் எழுதியவனுக்கு நான் வக்கீல்

கட்சிக்காரர் “நான்தான் செய்தேன்” என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எங்கள் வக்கீல் தொழிலே ஆரம்பமாகும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமைகளில் கூடும் இளையோர் மன்றத்தைச் சொல்கிறேன். சின்னச் சின்னக் குற்றம் செய்த பிள்ளைகளைப் பொலிஸ் எங்களிடம் அனுப்பும். நீதிபதி, வக்கீல், ஜூரி எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். செய்ததற்கு என்ன பரிகாரம் என்று முடிவு செய்வோம். சத்தமாகப் பேச வராமல் மேடையேறிய யாராவது இதை வாசித்தால், என் பாடு விளங்கும்.

பெயர்

நிரோஷனுக்குப் பதினைந்து வயது. வெள்ளவத்தையில் எதிரணிப் பையன்கள் குடியிருக்கும் தொடர்மாடிக் கட்டடத்தின் மதிலில், தன் கிரிக்கெட் அணியின் பெயரைச் சிவப்புப் பெயின்டால் எழுதிவிட்டான். கீழே தன் பெயரையும். பரிகாரத்தைக் குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் விஷயம் திரும்பப் பொலிசுக்குப் போகும். பாடசாலை அணியில் அவன் இடமும் போகும்.

“உன் பெயரை ஏன்டா எழுதினாய்?” என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“பேர் போடாட்டி வேற யாராவது தாங்க எழுதினதா சொல்லுவாங்களே, அண்ணே!”

வாதம்

பக்கத்து அறையில் கராத்தே வகுப்பு. நான் “கனம் நீதிபதி அவர்களே” என்று வாய் திறக்கும்போதெல்லாம் அங்கே “ஹா!” என்று ஒரே கத்தல்.

உயர்தர வகுப்பில் படிக்கும் பர்ஹானாதான் நீதிபதி. தீர்ப்புச் சொன்னாள்: நிரோஷன் மதிலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், தொடர்மாடிச் சங்கத் தலைவர் சண்முகம் அங்கிள் ‘திருப்தி’ என்று சொல்ல வேண்டும், பிறகு அவன் ஒரு வழக்கில் ஜூரியாக உட்கார வேண்டும். அது எங்கள் வழக்கம்.

வெளியே நிரோஷனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லாத்தான் பேசினீங்க மகன். அந்தச் சத்தத்தில எனக்குத்தான் ஒண்ணுமே கேக்கல.”

இன்னொரு பூச்சு

முதற் பூச்சு திட்டுத் திட்டாக இருக்கிறது என்றார் அங்கிள். அடுத்ததில் மூலை சரியில்லை. பிறகு வாசல் கேற்றுக்கும் பெயின்ட் அடிக்கச் சொன்னார். தவணை நெருங்க, பயந்துபோய் நானே பார்க்கப் போனேன். மதில் பளிச்சென்று இருந்தது. அதன் நிழலில் அங்கிளும் நிரோஷனும் பிளேன்டீயும் மீன் வைத்த மாலுபாணுமாக உட்கார்ந்து, லெக் ஸ்பின் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள், திருப்தி எண்டு சொல்லுங்கோவன்” என்றேன்.

“அவசரப்படாதையும் தம்பி. இவன் போனால் நான் ஆரோட மேட்ச் கதைக்கிறது?”

கடைசி நாள்

மன்றத்தில் “திருப்தியா?” என்று பர்ஹானா அங்கிளைக் கேட்டாள். அங்கிள் இழுத்தார்: “பின்பக்க மதில் ஒண்டும் கிடக்குது, பிள்ளை...” நிரோஷனின் முகம் வெளிறிவிட்டது. நான் எழுந்தேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்படி கத்தினேன்:

“மதில் முடிஞ்சுது அங்கிள்! சும்மா வரச் சொன்னாலும் அவன் வருவான். கேட்டுப் பாருங்கோ!”

“வருவன் அங்கிள். ஆனா பிரஷைத் தொடமாட்டன்” என்றான் நிரோஷன்.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்பச் சரி, திருப்தி எண்டே எழுதுங்கோ.”

ஜூரி

அணியில் இடம் தப்பிய நிரோஷன், அடுத்த மாதம் ஜூரியில் உட்கார்ந்தான். டியூஷன் வகுப்பு ஜன்னலிலிருந்து காலிக்குப் போகும் பிரதான வீதியின் பஸ் தரிப்பில் நின்றவர்கள்மேல் தண்ணீர்ப் பை எறிந்த பெண்பிள்ளையின் வழக்கு. மன்னிப்புக் கேட்டால் போதும் என்றார்கள் மற்றவர்கள். அவன் பெரிய நீதவான்போலத் தலையாட்டி மறுத்தான்.

“மன்னிப்பெல்லாம் காணாது. ஒரு சண்முகம் அங்கிளைப் போடுங்க, தானா திருந்திடுவா.”

இத்தனை வழக்கில் வாதாடியும் தண்டனையிலிருந்து ஒருவரைக்கூட நான் காப்பாற்றியதில்லை; தண்டனை முடிந்த பிறகு அவர்களை மீட்டுக்கொண்டு வருவதற்குத்தான் என் தொண்டை தேய்கிறது.