தனம் அழிக்கச் சொன்ன படம்

போன வாரம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அது என் பக்கம் திரும்பியதும் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். "உன்ன யாரும்மா தேடிப் பாக்கப் போறாங்க?" என்று மகள் சிரித்தாள். வாஸ்தவம்தான், இந்த மூஞ்சிக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. ஆனாலும் கை தானாகப் போய்விட்டது. தனத்தோடு வேலை பார்த்த பழக்கம்.

அப்போது இதே ஊர்ச் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனி. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மையை ஈரத்துணியால் துடைத்து வழவழப்பாக்குவது எங்கள் வேலை. ஈரக் களிமண் வாசம் வந்தாலே எனக்குத் தனம் ஞாபகம்தான். நல்லூர்ப் பக்கம் அவள் புருசன் வீடு. அடி தாங்காமல் வந்தவள். அவள் திருப்பூர் போய்விட்டதாக ஊரே நம்பிக்கொண்டிருந்தது. இவளோ பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் எங்களோடு உட்கார்ந்து கதையடித்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும், ஓனருக்குக்கூடத் தெரியாது.

ஒருநாள் ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தார். பொம்மையைத்தான் எடுப்பார் என்று நினைத்தோம். தனம் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள், அவர் எடுத்துவிட்டார். விறுவிறுவென்று எழுந்து போய், "காட்டுங்க" என்றாள். டிஜிட்டல் கேமரா வந்த புதிசு. எடுத்ததை அங்கேயே பார்க்கலாம் என்பதே எங்களுக்கு அதிசயம், எல்லோரும் தலையை நுழைத்தோம். அடேயப்பா, என்ன அழகு! அவளும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கறேன். அழிச்சிடுங்க."

"ஓனரு பர்மிஷன் குடுத்துட்டாரேம்மா."

"அவரு பொம்மைக்குத்தாங்க ஓனரு. என் மூஞ்சிக்கு இல்ல."

முணுமுணுத்துக்கொண்டே அழித்தார்.

கொஞ்ச நாளில் பத்திரிகை வந்தது. அதில் பக்கவாட்டு முகமாகத் தனம், கையில் பிள்ளையார் பொம்மை! அவர் அழித்தது ஒன்று, அழிக்காதது எத்தனையோ. ஓனருக்குத் தலைகால் புரியவில்லை, அந்தப் பக்கத்தை வாசல் கதவிலேயே ஒட்டிவிட்டார். தனம் அதைக் கிழித்துச் சூளையில் போட்டாள்.

அப்படியும் புருசன்காரன் வந்தே விட்டான். சட்டைப் பையிலிருந்து அதே பக்கத்தை எடுத்து, "இவ எங்க?" என்றான். தனம் உள்ளே சரக்கு ரூமில். எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ! "அதுவா, போட்டோக்காரங்களே கூட்டியாந்த பொண்ணுங்க. எடுத்து முடிச்சதும் மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." நம்பினானோ என்னவோ, படத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

அன்றைக்குச் சாயந்திரமே தனம் கிளம்பிவிட்டாள். எங்கே என்று கேட்டதற்கு, "தெரிஞ்சா வாயில வந்துடும்டி. போயிட்டு வரேன்" என்றாள். வரவே இல்லை.

எனக்கோ எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும். ஒருத்தி வேண்டாமென்ற பிறகும் அவளைப் படம் எடுத்துப் போடலாமா என்று தெரிந்த வக்கீல் ஒருத்தரைக் கேட்டேன். "எடுக்கறதையே தடுக்கத் தனிச் சட்டம் கெடையாதும்மா. எங்க எடுத்தாங்க, எதுக்குப் போட்டாங்கன்னு பாத்துதான் பேசணும்" என்றார். சரி சார், படம் எடுத்தவருடையது, பத்திரிகை அச்சடித்தவருடையது, மூஞ்சி யாருடையது என்றேன். டீயைக் குடித்துவிட்டுச் சிரித்தார்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம். தனத்தின் முகமும் எனக்கு மறந்துகொண்டே வருகிறது, மூக்குத்தி வலதா இடதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிக்காது என்று நாங்கள் ஒரு படம்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அவள் படம் இன்னும் யாரிடமாவது இருக்குமானால், அது அந்தப் புருசன்காரனிடம்தான்.