கயிற்றில் தொங்கிய எட்டில் ஒன்று

துணிக் கிளிப்பை நைலான் கயிற்றில் மாட்டும்போது 'டக்'கென்று வருமே ஒரு சின்னச் சத்தம், அதைக் கேட்டால் இன்றைக்கும் யாராவது சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பேன். ஜெயங்கொண்டம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவதும் அஞ்சாவதும் ஒரே அறையில்தான். கணக்கு சார் ஜன்னல் கம்பியிலிருந்து கதவு வரைக்கும் கயிறு கட்டி, ஜன்னல் பக்கம் பூஜ்யம், கதவுப் பக்கம் ஒன்று, நடுவில் அரை என்று அட்டைகளைத் தொங்கவிட்டு, மற்ற பின்னங்களை எங்கள் கையில் கொடுத்து அதனதன் இடத்தில் மாட்டச் சொல்வார். 'கயித்துக் கணக்கு' என்போம். சார் அடிக்கவே மாட்டார். சிரிப்புக்குத்தான் பயம்.

அன்றைக்கு எனக்கு வந்தது எட்டில் ஒன்று. எட்டு பெரிய எண்ணாயிற்றே என்று, வேர்த்த கையோடு அரையைத் தாண்டிப் போய், ஒன்றை ஒட்டி மாட்டினேன்.

"டேய், எட்டு கதவத் தொறந்துகிட்டு வூட்டுக்குப் போவுதுடா!" என்று ஒருவன் கத்த, அறையே சிரித்தது. பாவாடை நனைந்துவிடுமோ என்று தொடையை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

அடுத்தது அஞ்சாவது படித்த என் அக்கா. கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. கையில் நாலில் ஒன்று. நேராக வந்து என் அட்டைக்குப் பக்கத்திலேயே 'டக்'.

"ஏம்மா, உனக்குமா தெரியல?" என்றார் சார்.

"தெரியும் சார். பாப்பா தனியா நிக்கிறா, அதான்."

சாயந்திரம் முந்திரிக்காட்டு வழியில் பின்னலின் சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தாள். "மடிக்க மடிக்க எம்மாஞ் சின்னதாவுது பாருடி. எட்டுல ஒண்ணு ஜன்னல்கிட்டதான் வரும், மக்கு." புரிந்தது. பயம்தான் போகவில்லை. அவள் ஆறாவதுக்கு டவுனுக்குப் போனபிறகு, வயிற்றுவலி என்று படுத்துப் படுத்தே நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன்.

அந்த அக்கா போன கார்த்திகையில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் மகள் யாழினி என்னிடம் இருக்கிறாள், நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் நாலாவது. நேற்று பையை எறிந்துவிட்டு, "நாளைக்கு எண்கோட்டுல பின்னம் குறிக்கணுமாம் சித்தி. நான் போமாட்டேன், வயித்த வலிக்குது" என்றாள். இவளும் என்னை மாதிரி நின்றுவிட்டால்?

நோட்டு அட்டையை வெட்டி எண்களை எழுதி, கொல்லையில் துணி காயும் கயிற்றில் பூஜ்யம், அரை, ஒன்றை நானே மாட்டிவிட்டு, மற்றதை அவளை மாட்டச் சொன்னேன். எட்டில் ஒன்றை அவளும் அரைக்கு அந்தப் பக்கம்தான் கொண்டுபோனாள். நான் நாலில் ஒன்றை எடுத்துப்போய் அதன் பக்கத்தில் மாட்டினேன்.

"ஐயோ சித்தி, அரையில பாதிதான கால்? அது எப்புடி அங்க போவும்?" அம்மா போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே என் அட்டையைக் கழற்றி இந்தப் பக்கம் வைத்தவள், தன் அட்டையைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் ரிப்பனை அவிழ்த்து இருவரும் மடித்தோம்.

அதே ரிப்பனைக் கட்டித்தான் இன்று காலை அனுப்பினேன். அந்த அறையில் இப்போது கயிறு கிடையாது, டிவி மாதிரி ஒன்று சுவரில் இருக்கிறதாம். இந்நேரம் கணக்குப் பீரியட். கொல்லையில் அட்டைகள் சரியான இடத்தில்தான் ஆடுகின்றன. அங்கே அவள் தப்பாகக் குறித்துவிட்டால், எழுந்து வந்து பக்கத்தில் தப்பாகக் குறிக்க யாரும் இல்லை.