முதலாளி நிற்கையில் ஆடிய நாற்காலி ஆட்டம்

ஆங்கிலத்தின் மீது எனக்குப் பகை இல்லை. பணிக்காலம் முழுவதும் தமிழ் கற்பித்தவன் என்றாலும், ஆங்கில நூல்களைப் பயின்றதனால் நான் அடைந்த நன்மை மிகுதி. எனவே, கடந்த கோடையில் ஒரு தீப்பெட்டித் தொழிற்கூடத்தில் நடந்த ஆங்கில வகுப்பைப் பற்றி இங்கே வெறுப்போடு எழுதுவதை மொழிக்காழ்ப்பு என்று எவரும் கொள்ள வேண்டா. என் அருவருப்பு முழுவதும் அங்கே ஆடப்பட்ட ஆட்டத்தையும் அதனை ஆட்டுவித்தோரையுமே சாரும்.

கழுகுமலைச் சாலையில், வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தின் நடுவே அந்தத் தொழிற்கூடம் நிற்கிறது. ஊரார் அதனைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பர். குச்சிகளை அடுக்குவதும் மருந்தில் தோய்ப்பதும் இன்று பொறிகளின் வேலையாகிவிட்டன. பெட்டிகளைப் பண்டலாகக் கட்டி அட்டைப்பெட்டிகளில் அடைப்பது மட்டும் பெண்களின் கைகளில் எஞ்சியிருக்கிறது. அதனை நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும். காலையில் நின்றால் மாலை வரை நிற்க வேண்டும்.

அப்பெண்களுள் ஒருவர் எனக்கு அடுத்த வீட்டினர். இருவர் வீட்டிற்கும் ஒரே சுவர். அவருடைய கெண்டைக்கால்களில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் கால்களை நீட்டி அமர்ந்து எண்ணெய் தேய்ப்பார். நான் மாலை நடைக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. என்னைக் கண்டதும் கால்களை வெடுக்கென்று மடக்கி, நிலையைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்பார். "இருங்கம்மா" என்று ஒவ்வொரு நாளும் சொல்வேன். ஒரு நாளும் அவர் இருந்ததில்லை.

அத்தொழிற்கூடத்துச் சரக்கு இப்போது கடல்கடந்து செல்கிறது. பெட்டிகளின் மேல் ஒட்டும் ஆங்கிலச் சீட்டைப் படித்துச் சரிபார்க்க, அடைக்கும் பகுதிக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிறுதோறும் ஆங்கில வகுப்பு நடத்தி, இறுதியில் ஒரு போட்டி வைத்து, வெல்பவருக்கே அந்த வேலை என்று முதலாளி அறிவித்தார். அடுத்த வீட்டுப் பெண்மணி இதனை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியோர் ஒளியை அதற்குமுன் நான் கண்டதில்லை.

"சம்பளம் என்னய்யா பெருசாக் கூடிரப் போகுது? அந்த வேலைக்கு மட்டும் மேசையும் சேரும் உண்டாம். உக்காந்துக்கிட்டே பாக்கலாமாம்."

அவர் விரும்பியது அந்த நாற்காலியை. வேறெதனையும் அவர் வேண்டவில்லை. அன்று முதல் மாலைதோறும் சுவருக்கு அப்பாலிருந்து அவர் மகளின் அதட்டல் கேட்கலாயிற்று. "சிட் டவுன்! ஸ்டாண்ட் அப்!" உடனே தாயின் குரல்: "ஏட்டி, மெதுவாச் சொல்லு. இப்பத்தான எந்திரிச்சேன்."

என்னை அப்போட்டிக்கு நடுவராக அழைத்தனர். தமிழாசிரியனுக்கு ஆங்கிலப் போட்டியில் என்ன வேலை என்று கேட்டேன். "ஐயா சும்மா வந்து உக்காந்தாப் போதும்" என்றார் முதலாளி. எந்த நிகழ்ச்சியானாலும் பொன்னாடை போர்த்துவதற்கு ஒரு நரைத்தலை வேண்டும் என்பது இவ்வட்டாரத்தில் மாறாத வழக்கம். பக்கத்து வீட்டாரின் பொருட்டு இசைந்தேன்.

போட்டிக்கு முந்திய வாரமே ஒருமுறை சென்று பார்த்தேன். நகரத்திலுள்ள ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து வந்திருந்த இளைஞர் காதோடு ஒட்டிய ஒலிவாங்கியும் கழுத்தில் ஊதலுமாக நின்றார். தமிழில் ஒரு சொற்றொடரையேனும் முழுமையாகச் சொல்வது தமக்கு இழுக்கு என்பதுபோல் பேசினார். முக்காலியின் மேல் கைப்பேசியைப் பொருத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "ஜம்ப்!" என்று அவர் ஊத, பேரன் பேத்தி எடுத்தவர்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குதித்தனர். "ஃபிராக் மாதிரி, லேடீஸ்! ஃபிராக் மாதிரி!" என்றார்.

மூச்சிரைக்க நின்ற ஒரு முதியவர், "இந்த வயசுல நம்மளத் தவக்களையா ஆக்கிட்டானே பாவிப் பய" என்றார்.

அருகிலிருந்தவர், "ஒனக்கென்ன மதினி, நீ முன்னமே அப்படித்தான இருந்த" என்றார்.

கூடம் முழுவதும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. மழலையர் வகுப்பிற்கென்று எவரோ வகுத்த ஆட்டங்களை, ஓர் எழுத்தும் மாற்றாமல், உழைத்துத் தேய்ந்த உடல்களின் மேல் ஏற்றியிருந்தனர். "ஃபன்னா இருக்கணும் ஐயா, அப்பத்தான் கிராமர் உள்ள போகும்" என்று அந்த இளைஞர் எனக்கு விளக்கினார். குதிப்பவர்களின் முழங்கால் நொறுங்குவது அவருடைய கண்ணில் படவில்லை. படத்தில் நன்றாக விழுகிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தார்.

ஆயினும் நாற்காலி ஆட்டத்தைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நெகிழி நாற்காலிகளை வட்டமாக இட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு படத்தை ஒட்டியிருந்தனர். பெண்கள் சுற்றி நடப்பர். ஆசிரியர் ஒரு பொருளின் பெயரைச் சொல்லி "சிட் டவுன்" என்றதும், அப்படமுள்ள நாற்காலியில் முதலில் அமர்பவருக்கு வெற்றி. அந்த வாரம் அப்பெண்கள் அதனை மெய்யான மகிழ்ச்சியோடு ஆடினர். ஒருவர் மடியில் ஒருவர் விழுந்தனர். அடுத்த வீட்டுப் பெண்மணி இருமுறை வென்றார். ஆங்கிலச் சொற்கள் அவர்களுடைய நாவில் தயக்கமின்றிப் புரண்டன. அந்த ஆட்டமே இறுதிப் போட்டிக்கும் குறிக்கப்பட்டது.

போட்டி நாளன்று முதலாளி வந்தார்.

அந்தத் தொழிற்கூடத்தில் எங்கும் எழுதி வைக்கப்படாத ஒரு நடைமுறை உண்டு. முதலாளி உள்ளே கால் வைத்தால் அமர்ந்திருப்போர் எழ வேண்டும். அவர் வெளியேறும் வரை எவரும் அமரலாகாது. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தாலும் அப்படியே எழுவர். பயிற்சி ஆசிரியருக்கு இது தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

எனக்குப் பொன்னாடை போர்த்தி மெத்தை வைத்த நாற்காலியில் அமர்த்தினர். பக்கத்தில் தமக்கு இடப்பட்டிருந்த நாற்காலியில் முதலாளி அமரவில்லை. படத்தில் விழ வேண்டும் என்று கைப்பேசியின் அருகே சென்று நின்றுகொண்டார். ஊதல் ஒலித்தது. பெண்கள் நாற்காலிகளைச் சுற்றி ஓசையின்றி நடந்தனர்.

"பாக்ஸ்! சிட் டவுன்!"

ஒருவரும் அமரவில்லை. பெட்டிப் படம் ஒட்டிய நாற்காலியின் அருகே சென்று நான்கைந்து பேர் நின்றனர்.

"லேடீஸ், சிட் டவுன்! போன வாரம் நல்லாப் பண்ணீங்களே! சிட் டவுன்னா என்ன அர்த்தம்?"

"உக்காருன்னு அர்த்தம் சார்" என்றார் தவளையாகக் குதித்த முதியவர்.

"தெரியுதுல்ல? அப்ப உக்காருங்க!"

"பரவால்ல சார், நிக்கோம்."

ஆசிரியர் திகைத்தார். தாமே ஒரு நாற்காலியில் அமர்ந்தும் எழுந்தும் காட்டினார். கைகளை மேலும் கீழும் அசைத்தார். பிறகு முதலாளியிடம் திரும்பி, "கொஞ்சம் டென்ஷன் ஆயிட்டாங்க போல சார்" என்றார். முதலாளிக்கு எல்லாம் விளங்கியிருந்தது. 'உட்காருங்கள்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், தாமே அமர்ந்திருக்கலாம், ஒரு நொடி வெளியே சென்றிருக்கலாம். அவர் மீசையைத் தடவியவாறு புன்னகை செய்தார். விருந்தில் ஒரு கவளத்தை வாயில் வைத்துச் சுவைப்பவரின் முகம் அது.

"லேபிள்! சிட் டவுன்!" என்று ஆசிரியர் தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்த வீட்டுப் பெண்மணி அந்த நாற்காலியைப் பார்த்தார். முதலாளியை ஒருமுறை பார்த்தார். அமர்ந்தார்.

"ஏட்டி, எந்திரி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் பதறிற்று. ஊதல் அதனை மூழ்கடித்தது. "சூப்பர்! வின்னர்!" என்று ஆசிரியர் துள்ளினார். படம் ஓடிக்கொண்டிருந்தமையால் முதலாளியும் கைதட்டினார். கைப்பேசி அணைந்ததும் என்னருகே வந்து குனிந்தார்.

"ஐயா, அந்தா ஓரமா நிக்குல்லா, பச்சைச் சேலை, அந்தப் பிள்ள பேரைச் சொல்லிருங்க."

"வென்றவர் இவர் அல்லவா?" என்றேன்.

"இங்கிலீசு யாரு வேணும்னாலும் படிச்சிரலாம்ய்யா. மட்டு மரியாதை படிச்சா வரும்?"

"அமரச் சொன்னவர் நீங்கள் அமர்த்திய ஆசிரியர்."

"அவன் சொல்லுவான். சொன்னா உக்காந்துருவாளா? நான் நிக்கேன்லா?"

நான் எழுந்து, வென்றவரின் பெயரைத்தான் சொன்னேன். கைதட்டல் எழவில்லை. முதலாளி சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியை வாங்கினார். "ஐயா பரிசைச் சொல்லிட்டாவ. வேலைய நாஞ் சொல்லுதேன்" என்று பச்சைச் சேலைக்காரரின் பெயரைச் சொன்னார். வென்றவருக்கு ஓர் அடுக்குச் சோற்றுப் பாத்திரம் வழங்கப்பட்டது. அதனை அவர் நின்றுகொண்டு வாங்கினார்.

திரும்பும்போது பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டியிலேயே நானும் வந்தேன். அனைவர் மடியிலும் முதலாளி கொடுத்த கடம்பூர்ப் போளிப் பொட்டலம். வண்டிக்குள் முதலாளி இல்லை. ஆதலால் எல்லோரும் அமர்ந்திருந்தனர்.

"ஒனக்கென்ன கிறுக்காட்டி பிடிச்சிருக்கு? அவிய நிக்கையில போயி உக்காருதே?" என்று முதியவர் தொடங்கினார்.

"சார் சொன்னாருல்லா."

"சாரு வாரத்துக்கு ஒருநா வாரவரு. மொதலாளி தெனமும்லா வாராவ?"

"கால் வலிச்சது. உக்காந்தேன். விடுங்களேன்."

பச்சைச் சேலைக்காரர் அழுகுரலில், "யக்கா, அந்தச் சேர நான் கேக்கலக்கா" என்றார்.

"ஒன்னய யாருட்டி சொன்னா? நம்மள்ல ஒருத்தியாவது உக்காருதியே, நல்லா உக்காரு. மொதலாளி வந்தா மட்டும் துள்ளி எந்திரிச்சிரு. அதான் முந்தின வாரமே பழகிட்டமே, தவக்களை மாதிரி!" என்றார் முதியவர்.

வண்டியே குலுங்குமாறு சிரித்தனர். அடுத்த வீட்டுப் பெண்மணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து கெண்டைக்காலை அழுத்திவிட்டுக்கொண்டார். என் மடியிலிருந்த பொட்டலத்தின் நெய்ம்மணம், பெண்களின் சேலைகளில் ஏறியிருந்த தீக்குச்சி மெழுகின் நாற்றத்தோடு கலந்து குமட்டியது. இறங்கும்போது அதனை இருக்கையிலேயே விட்டுவந்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பயிற்சி ஆசிரியர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். அவருடைய நிலையத்தின் விளம்பரப் படம் ஊரெங்கும் கைப்பேசிகளில் உலவிற்று. நிற்கும் பெண்களின் நடுவே ஒருவர் மட்டும் அமர்ந்திருக்கும் படம் அது. 'எங்கள் மாணவியின் வெற்றி' என்று கீழே எழுதியிருந்தனர். நாகலாபுரம் பக்கத்தில் வேறொரு தொழிற்கூடத்திலும் வகுப்பு எடுப்பதாகவும், நான் நடுவராக வர வேண்டும் என்றும் கேட்டார்.

"அங்கும் நாற்காலி ஆட்டம் உண்டா?" என்றேன்.

"இல்லய்யா, அந்தக் கேமை எடுத்தாச்சு. மொதலாளிங்க இருக்கற எடத்துல அது செட் ஆகல. சிட் டவுனையும் எடுத்துட்டோம். ஸ்டாண்ட் அப் மட்டும் வச்சிருக்கோம்."

இதனை அவர் எவ்வகைக் கூச்சமும் இன்றிச் சொன்னார். ஒரு மொழியில் நிற்பதற்கு மட்டும் சொல் கற்பித்து, அமர்வதற்குள்ள சொல்லை விலக்கிவைத்துவிட்டு, அதற்கு வகுப்பு என்றும் பெயர் சூட்டுகிறார்கள். வர இயலாது என்று சொல்லிக் கைப்பேசியை வைத்தேன்.

அடுத்த வீட்டுப் பெண்மணி இப்போதும் அதே பகுதியில் நின்றுகொண்டுதான் பண்டல் கட்டுகிறார். மாலையில் வாசற்படியில் கால்களை நீட்டி எண்ணெய் தேய்க்கிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நான் கடந்து செல்லும்போது அவர் எழுவதில்லை. நீட்டிய கால்களை மடக்குவதும் இல்லை.

"நடக்கப் போறியளாய்யா?" என்று அமர்ந்தவாறே கேட்கிறார்.

"ஆமாம்மா" என்று சொல்லி, அந்தக் கால்களை மிதித்துவிடாமல் சற்று விலகி நடக்கிறேன்.