இடது பக்கம் இழுத்த கார்

மில் கேன்டீனில் டீ டம்ளரோடு வந்து ஹெப்சிபாவுக்கு எதிரே உட்கார்ந்த வெள்ளத்தாய், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏட்டி ஹெப்சி, எனக்கு ஒரு ரிமோட்டு சொல்லு."

"டிவிக்கா அக்கா?"

"டிவி ரிமோட்டுக்கு உங்கிட்ட எதுக்கு வாரேன்? கார் ஓட்டுற ரிமோட்டு. ரெண்டு குச்சி நட்டுக்கிட்டு நிக்குமே, அது."

வைண்டிங் பிரிவில் இருபது வருடமாக நூலோடு மல்லுக்கட்டுகிறவள் வெள்ளத்தாய். தென்காசியிலிருந்து அவளுடைய மருமகன் வரும்போதெல்லாம் போனை டிவியோடு இணைத்துக் கார் ரேஸ் வைப்பான். மாமியாரையும் பிடித்து உட்கார வைப்பான். புது கன்ட்ரோலர் அவனுக்கு, ரப்பர் பிய்ந்த பழையது மாமியாருக்கு. "அத்தை, ரோடு அந்தப் பக்கம் இருக்கு. நீங்க எதுக்குத் தோப்புக்குள்ள போறிய?" என்று அவன் சொல்லச் சொல்ல, பெற்ற மகளும் சேர்ந்து சிரிப்பாள்.

"ஆடி பதினெட்டுக்கு மாப்ள வாராக. அன்னைக்கு ஒரு தடவையாவது அவியள ஜெயிக்கணும்ட்டி. நீ எதைச் சொல்லுதியோ அதைத்தான் வாங்குவேன்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் ஹெப்சிபாவுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்காரும்.

அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ரிசல்ட் வந்த வாரமே தெரு முழுக்க அவளைத் தேடி வந்தது. ஒருவர் வீட்டில் பிரிண்டர் ஓடவில்லை, இன்னொருவருக்கு ஆதாரில் பெயர் மாற்ற வேண்டும், மூன்றாமவருக்கு டிவியில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. கல்லூரியில் இதில் ஒன்றையும் சொல்லித் தரவில்லை. "கம்ப்யூட்டர் படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியலயே" என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்று வருடம் எதைத்தான் படித்தோம் என்று அவளும் தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறாள். வங்கித் தேர்வு இரண்டு எழுதினாள், நூலிழையில் தவறியது. பிறகு மில்லின் தரப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்தது. இயந்திரத்துக்கு ஐந்து பாபின் எடுத்து வந்து நூலின் கனம் பார்ப்பது, அறுத்துப் பலம் பார்ப்பது, குறிப்பது. பன்னிரண்டாவது படித்தவர்களும் பக்கத்து மேசையில் அதே வேலையைத்தான் செய்தார்கள்.

கேமில் மட்டும் அவளிடம் கேட்டால் பதில் இருந்தது. எந்த போனில் எந்த விளையாட்டு சூடாகாமல் ஓடும், குழந்தைகளோடு ஆட எது நல்லது, எந்த கன்ட்ரோலர் எத்தனை மாதம் தாங்கும் என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பதைப் படித்து, நம் ஊர்ப் பேச்சில் நான்கு வரியில் சொல்லிவிடுவாள். அதற்காகவே 'ஞாயிறு ஆட்டம்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. நாற்பத்து மூன்று பேர். மில்காரர்கள், பேண்டேஜ் துணி பேக்கிங் செய்யும் பெண்கள், ஒரு பள்ளி வேன் டிரைவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மொபைல் கடையில் நிற்கும் பிரேம்குமார். மில்லின் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர் பொன்னுராஜ் சாரும் அதில் உண்டு. யாரும் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கார் ஓட்டுகிறவர்கள், சிக்ஸர் அடிக்கிறவர்கள்.

அந்த நாற்பத்து மூன்று பேருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஹெப்சிபாவிடம் இருந்தது ஒரே ஒரு பழைய ஒயர் கன்ட்ரோலர்தான். அவள் சிபாரிசு செய்த எதையும் அவள் கையில் எடுத்ததே இல்லை. ஒருமுறை, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பிரிவின் ஃபிட்டர் கண்ணுச்சாமி, "எம்புட்டு கன்ட்ரோலர் வச்சிருக்க தாயி?" என்று கேட்டபோது, "கொஞ்சம் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டாள். அந்தக் 'கொஞ்சம்' அவ்வப்போது நெஞ்சில் முள்ளாக நெருடும். மறந்துவிடுவாள்.

"கறுப்பு மாடல் வாங்குங்கக்கா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றாள் இப்போதும்.

அதே வாரம்தான் கண்ணுச்சாமியின் கார் இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது.

பங்குனியில் அவள் பேச்சைக் கேட்டு ரிங் ஃபிரேமில் ஐந்து பேர் கறுப்பு மாடல் வாங்கியிருந்தார்கள். முதலில் கண்ணுச்சாமி புகார் போட்டான்: குச்சியைத் தொடாமலே கார் தானாக இடது பக்கம் போகிறதாம். மறுநாள் இன்னொருவர். பத்து நாளில் ஐந்தும் இடது பக்கம் சாய்ந்துவிட்டன. மில்லுக்குள் கேலி முளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? டிராலியின் சக்கரம் கோணிக்கொண்டால் "ஹெப்சி பக்கம் போகுதுலே, நேரா பிடி" என்றார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி சாய்ந்தால் "ஹெப்சி ஆயிருச்சு." குழுவில் பிரேம்குமார் வேறு, "நான் அன்னைக்கே சொன்னேன், வெள்ளை மாடல்தான் உழைக்கும்னு. யார் கேட்டா?" என்று போட்டு, கண்ணடிக்கும் பொம்மையையும் வைத்தான்.

கேன்டீனில் வெள்ளத்தாய் ஒன்றும் கேட்கவில்லை. டீயை மட்டும் ஆற்றினாள். அதுதான் ஹெப்சிபாவுக்கு அதிகம் வலித்தது. உலகத்தில் தன்னை நம்பி எல்லோரும் கேட்கிற ஒரே ஒரு விஷயம். அதுவும் போனால் மிச்சம் என்ன?

லேபில் நூல் கெட்டுப்போனதாக வந்தால் உடனே பஞ்சைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அதே பஞ்சு வேறு இயந்திரத்தில் எப்படி ஓடுகிறது என்று முதலில் பார்ப்பார்கள். அவளும் அப்படியே பார்த்தாள். கறுப்பு மாடல் வாங்கிய வேன் டிரைவரைக் கேட்டாள். "சும்மா சொல்லக் கூடாது, ஜம்முனு ஓடுது." பேக்கிங் பெண்கள் இரண்டு பேரைக் கேட்டாள். ஒரு குறையும் இல்லை. ரிங் ஃபிரேமில் மட்டும் ஐந்துக்கு ஐந்தும் கெட்டிருக்கின்றன.

கண்ணுச்சாமியின் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு போய், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு சின்ன ஸ்க்ரூடிரைவரால் பிரித்தாள். குச்சிக்கு அடியில் பஞ்சுத் துகள் நெய்யில் பிசைந்த மாதிரி அப்பிக்கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். தெரிந்த வாசனை. மில் கம்ப்ரஸர் காற்றில் வரும் எண்ணெய் வாசனை. அந்தக் காற்றில் எண்ணெயும் ஈரமும் கலந்து வரும் என்பதால் லேபுக்கு வரும் குழாயில் மட்டும் தனியாக ஃபில்டர் மாட்டியிருப்பார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் காற்றுக் குழாயை எடுத்துத் தலையிலும் சட்டையிலும் ஒட்டிய பஞ்சை ஊதிவிட்டு வீட்டுக்குப் போவது ரிங் ஃபிரேம்காரர்களின் வழக்கம். ஒருவருக்குக் காதில் அடிபட்ட பிறகு பொன்னுராஜ் சார் அதற்குத் தடை போட்டு, போர்டும் மாட்டியிருந்தார். அவர் தலை மறைந்ததும் ஊதுவார்கள்.

கண்ணுச்சாமிக்கு போன் போட்டாள்.

"அண்ணே, கன்ட்ரோலருக்குக் காத்து அடிச்சியளா?"

"காத்தா? சேச்சே. சார் போர்டு வச்சிருக்காருல்லா."

மற்ற நால்வரையும் கேட்டாள். நால்வரும் "சேச்சே" என்றார்கள். ஒரு 'சேச்சே' என்றால் நம்பியிருப்பாள். ஐந்து பேரும் சாப்பாட்டுப் பையில் கன்ட்ரோலரை ஒளித்து மில்லுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்!

வெற்றி கிடைத்த மாதிரி இருந்தது. குழுவில் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான். போனை எடுத்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் இந்த யோசனை எப்படி வந்தது? பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டே போனாள். சித்திரையில் நின்றாள்.

'உள்ள தூசி போச்சுன்னா ஏர் பிரஷர் வச்சு ஊதி எடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.' எழுதியது ஹெப்சிபா.

ஒரு வெளிநாட்டுக்காரரின் கட்டுரையில் படித்தது. அவர் கையடக்கமான ஒரு டப்பாவை வைத்து மெல்ல ஊதிக் காட்டியிருந்தார். அந்த டப்பா இந்த இராஜபாளையத்தில் யாரிடம் இருக்கிறது? மில்காரனின் கைக்கு எட்டுவது லாரி டயரையே நிரப்பிவிடும் கம்ப்ரஸர் காற்றுதான். ஒரு தடவையாவது தானே செய்து பார்த்திருந்தால் இது தோன்றியிருக்கும்.

மில் காற்றால்தான் கெட்டது என்று எழுதினால் தன் பேர் தப்பிக்கும். ஆனால் குழுவில் பொன்னுராஜ் சார் இருக்கிறார், திங்கட்கிழமை ஐந்து பேருக்கும் மெமோ வரும். பேசாமல் இருந்தால் கேலி இரண்டு மாதத்தில் ஓயும். கூடவே தன்னிடம் கேட்பதும் ஓய்ந்துபோகும். நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தாள். ஐந்தாவது தடவை எழுதியதைத் திரும்பப் படிக்காமல் அனுப்பினாள்.

'எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். கறுப்பு மாடல் மேல தப்பு இல்ல. ஊதி எடுங்கன்னு நான்தான் சித்திரையில போட்டேன். அது தப்பு. ஊதினா தூசி குச்சிக்கு அடியில போய் அப்பிக்கிடும். இனிமே எதை வச்சும் ஊதாதிய. இன்னொண்ணு, அந்த மாடல நேத்து வரைக்கும் நான் தொட்டதே இல்ல. நான் இதுவரை சொன்ன எதையுமே தொட்டதில்ல. எல்லாம் படிச்சுச் சொன்னதுதான். இழுக்குறதைக் கொண்டு வாங்க, கழுவித் தாரேன்.'

நீல டிக் ஒவ்வொன்றாக விழுந்தது. பிறகு யாரோ, 'அப்ப இம்புட்டு நாளும் கதையா விட்ட?' என்று கேட்டார்கள். மூன்று பேர் குழுவை விட்டுப் போனார்கள். பொன்னுராஜ் சார் ஒரு படம் அனுப்பினார். காற்று ஊதக் கூடாது என்று மில்லில் அவர் மாட்டிய போர்டின் படம். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவ்வளவுதான், கண்ணுச்சாமியின் போன் வந்துவிட்டது.

"யாத்தே, சாருக்குத் தெரிஞ்சிருச்சு போலயே!"

"நான் ஒண்ணும் சொல்லலண்ணே."

"அது தெரியும் தாயி. அதுக்குத்தான் கூப்பிட்டேன். நாளைக்கு மத்த நாலையும் கொண்டாறோம். நல்லா இருப்ப."

சாயங்காலம் பிரேம்குமாரும் கூப்பிட்டான். குத்திக் காட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தே எடுத்தாள்.

"ஏ ஹெப்சிபா, நான் மட்டும் என்ன, வெள்ளை மாடல ஆடிப் பாத்தா வித்தேன்? பெட்டியப் பிரிச்சா முதலாளி கத்துவாரு. அதுல எங்களுக்கு லாபம் கொஞ்சம் கூட, அம்புட்டுத்தான். அடுத்த ஞாயிறு முதலாளி அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போறாரு. சாம்பிள் பீஸ் அஞ்சாறு சும்மா கிடக்கு. வந்து ஆடிப் பாக்குதியா?"

திங்கட்கிழமை கேன்டீனில் வெள்ளத்தாய் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீ எழுதியிருந்ததை எம் மகளுக்கு அனுப்பி வச்சேன், அவ போன்லயே வாசிச்சுக் காட்டினா. அதெல்லாம் இருக்கட்டும். இப்ப எனக்கு எது?"

"தெரியலக்கா."

சொல்லி முடித்தபோது, இவ்வளவு நாளாக இதைச் சொல்லவா இத்தனை பயந்தோம் என்று இருந்தது அவளுக்கு.

"நீயே தெரியலன்னா நான் யார்ட்டப் போவேன்? ஆடி பதினெட்டு என்ன நின்னுக்கிட்டா இருக்கும்?"

"ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம்க்கா. நீங்களே ஆடிப் பாருங்க."

"கடையில போய் உக்காந்து ஆடவா? ஊரு சிரிக்கும்ட்டி" என்றாள் வெள்ளத்தாய். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்கு அவள்தான் முதலில் வந்து நின்றாள், பச்சைக் கரைப் புடவையில்.

பிரேம்குமார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடை டிவியில் கார் ரேஸ் வைத்துக் கொடுத்தான். கறுப்பு மாடலைக் கையில் வாங்கிப் பார்த்த வெள்ளத்தாய், "இது என்ன, இட்லித் தட்டு கணக்கா இருக்கு" என்றாள். குட்டையான அவள் விரல்கள் பாதி பட்டன்களை எட்டவே இல்லை. கார் முதல் வளைவிலேயே சுவரில் முட்டியது. வெள்ளை மாடலில் பட்டன் மெதுவாக அழுந்தியது. வருடக்கணக்கில் நூலை வெடுக்கென்று இழுத்து அறுத்துப் பழகிய கைக்கு அந்த மென்மை தோதுப்படவில்லை. அமுக்கிய அமுக்கில் கார் பின்னோக்கி ஓடியது. பிரேம்குமார் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தான்.

ஓரத்தில் ரோஸ் நிறத்தில் சின்னதாக ஒன்று கிடந்தது. காதுகூட வைத்திருந்தது.

"அதைக் குடு தம்பி."

"அது பிள்ளைகளுக்குள்ளதுக்கா."

"எங் கைக்குத் தெரியுமா அது?"

அதைப் பற்றியும் ஹெப்சிபா படித்திருந்தாள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். யாருக்கும் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள். வெள்ளத்தாய் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். கார் ஒரு வளைவைத் தாண்டியது. இன்னொன்றையும் தாண்டியது. பாலத்தில் ஏறி, இறங்கி, யாரையும் இடிக்காமல் கோட்டைத் தொட்டது. ஆறாவது இடம். ஆட்டம் முடிந்தது தெரியாமல் அவள் இன்னும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சுக்கா!"

"முடிஞ்சிருச்சா? நான் கடைசி வரைக்கும் போயிட்டனா?"

அவள் ரோஸ் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஹெப்சிபாவைப் பார்த்தாள்.

"சொல்லு. இதை எடுக்கவா?"

"நீங்கதானக்கா ஓட்டுனிய. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஓட்டத்தான் தெரியும். நாள்பட உழைக்குமா, ஏமாத்திருமான்னு எனக்கென்ன தெரியும்? நீ சொல்லு. நீ சொன்னாத்தான் எடுப்பேன்."

ஹெப்சிபா கையை நீட்டினாள். வெள்ளத்தாய் எழுந்து ஸ்டூலை விட்டுக்கொடுத்தாள். ஹெப்சிபா ஒரு ரவுண்டு ஓட்டினாள். போதவில்லை. குச்சியை நான்கு திசையிலும் முழுக்கச் சாய்த்து விட்டுப் பார்த்தாள், பட்டன்களை ஒவ்வொன்றாக இருபது தடவை அமுக்கினாள், காதருகே வைத்து ஆட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். முக்கால் மணி நேரம் ஆனது. பிரேம்குமார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளத்தாய் பெட்டிகள் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள்.

"எடுக்கலாம்க்கா" என்றாள் ஹெப்சிபா.