பெயில் போடத் தெரியாத கம்ப்யூட்டர்

போன வாரம் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நின்றுகொண்டு நான் போட்ட சத்தத்தில், வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இத்தனைக்கும் நான் சத்தம் போடுகிற ஆளே இல்லை. ராஜபாளையத்தில் ஒரு மில்லில், கம்ப்யூட்டர் செக்‌ஷனில், எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன். அன்றைக்கு முடியவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி செல்விக்கு மதுரையில் ஒரு கம்பெனியில் புரோகிராமர் வேலை தயாராக இருக்கிறது. ஒரே கண்டிஷன் — ஜாவா பரீட்சை எழுதி, சர்டிபிகேட்டோடு வர வேண்டும். அதுவும் இந்த மாதக் கடைசிக்குள்! பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். ஐந்து வருஷம் கழித்து வந்திருக்கிற வாய்ப்பு. பெயிலானால் உடனே மறுபடி எழுத முடியாது. வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

பரீட்சையே கம்ப்யூட்டரில்தான். பழகிப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டுமே... எதை வாங்குவது? மில்லில் ஒரு நண்பர் ஃபிளாப்பி ஒன்றைக் கொடுத்தார். அதில் கேள்விகளை விட வைரஸ் அதிகம். மதுரையிலிருந்து ஒரு வெளிநாட்டு சி.டி. வரவழைத்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. செல்வி தான் ஜாவா படித்த ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டருக்கே பஸ் ஏறிப் போய், அதைப் போட்டுப் பார்த்தாள். நூற்றுக்கு நாற்பத்தாறு. எழுபது எடுத்தால்தான் பாஸ். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அது சரியில்லங்க. ஒவ்வொண்ணையும் சுத்தி வளச்சுக் கேக்குது."

அந்த சென்டரை நடத்துகிற சுந்தரம் அண்ணாச்சி, சொந்தமாகவே ஒரு சாஃப்ட்வேர் எழுதி வைத்திருந்தார். அதில் அவளுக்கு எண்பத்துநாலு! அடுத்த தடவை எண்பத்தைந்து!

"பாத்தியா... நம்ம ஆளுகளுக்குப் புரியிற மாதிரி கேக்குறாரு. நீ இதையே வச்சுப் பழகு" என்றேன். சி.டி.யைத் தூக்கிப் பரண் மேல் போட்டேன். மார்க் அதிகம் போடுகிற சாஃப்ட்வேர்தான் நல்ல சாஃப்ட்வேர் என்று முடிவு கட்டியது வேறு யாருமில்லை. புரோகிராம் எழுதிப் பிழைக்கிற நானேதான்!

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது அந்தச் சனிக்கிழமை. அவளைக் கூட்டி வரப் போயிருந்தேன். அவள் டெஸ்டை முடித்துவிட்டு, கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்கமாட்டாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மில்லில் நான் எழுதுவது வேறு மொழி; எனக்கு ஜாவா சுட்டுப் போட்டாலும் வராது. கேள்வியைப் படிக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் முதல் விடையையே தட்டிக்கொண்டு போனேன்.

எழுபத்தேழு. 'வாழ்த்துகள்' என்று கலர் கலராக வேறு மின்னியது.

இன்னொரு தடவை, ஒரு விடையைக்கூடத் தொடாமல் முடித்தேன். எழுபது! பாஸ்!

"என்ன அண்ணாச்சி இது? ஒண்ணுமே செய்யாதவனுக்கு எழுபது மார்க்கா?"

மனுஷன் பதறவே இல்லை.

"மொத எழுபத நாமளே போட்டுருவோம் தம்பி. மிச்ச முப்பதுக்குத்தான் டெஸ்ட்டு."

"எதுக்கு?"

"முன்னாடி சரியாத்தான் வச்சிருந்தேன். பெயில்னு வரவும் ஒரு பிள்ள அழுதுகிட்டே போயிருச்சு. பொறவு அவுக அப்பா வந்து, எம்பிள்ள பெயிலா, ஒம்ம மெஷின்தான்யா பெயில்னு எம்புட்டுச் சண்டைங்கிறீக! நல்ல காரியத்துக்குக் கெளம்புற பிள்ளைககிட்ட போயி பெயில்னு சொல்லலாமா? நல்லாவா இருக்கு?"

அப்போதுதான் கத்தினேன். பின்னே? செல்வியின் எண்பத்தைந்து, நிஜத்தில் முப்பதுக்குப் பதினைந்து; நூற்றுக்கு வெறும் ஐம்பது! ஒரு வாரம் பாழ். அதைவிட, அவள் சந்தோஷமாக இருந்தாளே, அதை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

ஆனால் அண்ணாச்சியை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? நம்மில் யார் முகத்துக்கு நேராக உள்ளதைச் சொல்கிறோம்? பெண் பிடிக்கவில்லை என்றால், பஜ்ஜி சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்கிறோம். உப்பில்லாத கல்யாணச் சாம்பாரைப் "பிரமாதம்" என்கிறோம். வேலை கேட்டு வந்தவரிடம், இல்லை என்று தெரிந்தே "பாப்போம்" என்கிறோம். அண்ணாச்சி அதைக் கம்ப்யூட்டருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். மனுஷன் சொன்னால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இந்தச் சனியனுக்கு முகமா இருக்கிறது?

ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்வி ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த சி.டி. எங்க?"

மறுநாளிலிருந்து அதே சென்டரில் அந்த சி.டி.யைப் போட்டுத்தான் பழகுகிறாள். தப்பு விட்டால் ஏன் தப்பு என்று அது விளக்குகிறது. இவள் முணுமுணுத்துக்கொண்டே நோட்டில் எழுதிக்கொள்கிறாள். ஐம்பத்தொன்று... ஐம்பத்தெட்டு... அறுபத்துநாலு. நேற்று அறுபத்தாறு.

நாளைக் காலை பரீட்சை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"உள்ளதச் சொல்லுங்க. நான் பாஸாயிருவேனா?"

அறுபத்தாறு எங்கே, எழுபது எங்கே?

"கண்டிப்பா! எண்பதுக்குக் கொறையாது."

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கும் அண்ணாச்சிதான் புரோகிராம் எழுதுனாகளா?"