ஆலைப் பெண்ணுக்காக அழுதவர்

1. ஷிப்ட் முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு கூலிம் நகர வாசகர் வட்டத்துக்குப் போனேன்.
2. விக்டோரியா காலத்து ஆலைத் தொழிலாளர் நாவல் ஒன்றைப் பற்றி ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் பேசினார்.
3. “வேலை இருக்கிறதே, உனக்கு எதற்குப் படிப்பு?” என்று முதலாளி ஆலைப் பெண்ணை விரட்டும் இடத்தில் அழுதார்.
4. கூட்டம் முடிந்ததும் என் சீருடையைப் பார்த்து, ஏர்கோன் சரிசெய்ய வந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.
5. சரிசெய்து கொடுத்தேன்.

ஆசிரியருக்கு மெல்லிய திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஏழைகள் வரும் பக்கத்துக்கு முன்பே கைக்குட்டையைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொள்வார்.

நான் படிவத்தை நீட்டினேன். பகுதிநேர ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்புக்கு அந்தப் பாட ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். எனக்குத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

“நீர் எந்த எஸ்டேட் பிள்ளை?”

“தாத்தா காலத்துல செமிலிங் ரப்பர் தோட்டம் சார். நான் இங்க ஃபேக்டரியில டெக்னீஷியன்.”

“கையில நல்ல தொழில் இருக்குத்தானே. உமக்கு ஏன் இலக்கியம்?”

“நாவல்ல வர்ற அந்த முதலாளியும் இதையேதான் சார் சொன்னாரு.”

ஒத்துக்கொண்டு தலையாட்டினார்.

“ஓம். ஆனா அவன் கெட்டவன், பிள்ளை.”

கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அவர் பொய்யாக அழவில்லை. முன்வரிசையில் இருந்து பார்த்தேன், கண்ணீர் உண்மையானது. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. படிவத்தில் பரிந்துரைப்பவர் கையொப்பமிடும் கோடு காலியாக இருக்கிறது. ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறதாம்.