வர இயலாது என்றொரு பொத்தான்

என் அக்கா பாஜிலாவைப் பற்றி யாராவது விசாரித்தால், சென்னையில் வெப்சைட் செய்யும் கம்பெனியில் பெரிய இன்ஜினியர் என்று எங்கள் அத்தா, பெற்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். எனக்கு அவளை வேறு மாதிரித் தெரியும். வேறு யாருக்கும் இல்லாத ஒரு கிறுக்கு அவளுக்கு உண்டு. எதையாவது தொட்டால், அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் விடமாட்டாள்.

அத்தாவுக்குக் கம்பம் ஊரில் வாழைக்காய் மண்டி, வீடு உத்தமபாளையத்தில். தொண்ணூற்றாறில் அவளுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. லீவு நாளில் மண்டிக்குப் போனால் நான் தாரில் பழுத்த பழத்தைத் தேடுவேன், அவள் போனைத் தேடுவாள். எங்கள் நம்பரின் கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டி அழுத்துவாள். எடுத்தவரிடம், "அங்கன மழை பெய்யுதா?" என்று கேட்பாள். ஒன்று கூட்டினால் ஒரு ரைஸ் மில். இரண்டு கூட்டினால் அன்னத்தாய் என்ற ஒரு அம்மாள். அவர் மழையோடு நிறுத்தமாட்டார், இன்றைக்கு என்ன குழம்பு என்பதுவரை சொல்வார். பில் வந்த அன்று அத்தா குதித்த குதியை மண்டியே வேடிக்கை பார்த்தது.

போனுக்குப் பூட்டு போட்டார்கள். இவள் வெளியே வந்து, மண்டியிலிருந்து கிளம்பும் ஒயரை அண்ணாந்து பார்த்தபடியே மெயின் ரோட்டில் நடந்துவிட்டாள். ஒயர் டெலிபோன் ஆபீசுக்குள் நுழைந்த இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தவளை, எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர் ஒருவர்தான் கூட்டிவந்து விட்டார்.

"அம்புட்டு வீட்டு ஒயரும் ஒரே ரூமுக்குள்ள போகுதுத்தா. எது யாரு வீடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அத்தா முதுகில் ஒன்று வைத்தார். அப்படியும் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

கம்பத்தில் பிரவுசிங் சென்டர் வந்தபோது அவள் அங்கே போய் விழுந்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் சுற்றிப் பலகைத் தடுப்பும் திரைச்சீலையும் இருந்ததால் அம்மாவுக்குப் பயம். காவலுக்கு என்னை அனுப்புவார். மற்றவர்கள் படம் பார்த்தார்கள். இவள் ஒரு பக்கத்தைத் திறந்து, அது என்னென்ன கட்டளைகளால் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை எடுத்தால் உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். பார்த்துப் பார்த்தே எங்கள் மண்டிக்கு ஒரு பக்கம் செய்துவிட்டாள். பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து ஓடும், இரண்டு ஓரத்திலும் வாழைமரம் ஆடும். கண் வலிக்கும். ஆனாலும் அத்தாவின் பெயரை உலகத்தில் எவரும் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. பார்த்தது என்னவோ நாங்கள் இரண்டு பேர்தான்.

பிளஸ் டூ முடிந்ததும், சென்னைக்குப் போய் இன்ஜினியரிங் படிக்கவேண்டும் என்றாள். அத்தா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்போதுதான் லத்திபா மாமி வந்தார். மாமி அத்தாவின் அக்கா. மாமா மவுத்தான பிறகு வைகை அணைப் பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"சம்சு, புள்ளைய நானே கொண்டுபோய் ஆஸ்டல்ல விட்டுட்டு வர்றேன். நீ மண்டியப் பாரு" என்றார். எங்களிடம் புலியாகப் பாயும் அத்தா பூனையாகத் தலையாட்டினார். அக்காவின் படிப்பு, வேலை எல்லாம் மாமி போட்ட சோறு என்றே நான் சொல்வேன்.

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில், வெளிநாட்டுக்காரர்களின் விருந்துகளுக்கும் கூட்டங்களுக்கும் பக்கம் செய்வதுதான் அவள் வேலை. எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருக்கும்: நீங்கள் வருகிறீர்களா? கீழே இரண்டு பொத்தான்: வருவேன், வர இயலாது. அப்படி நூற்றுக்கணக்கில் செய்து பழகிய கை. இரண்டாயிரத்துப் பத்தில் போடி மாப்பிள்ளையோடு அவளுக்கு நிக்காஹ் முடிவானதும், தன் கல்யாணத்துக்கும் அதே மாதிரி ஒரு பக்கம் செய்தாள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்ற பட்டியலையும் எல்லோரும் பார்க்கும்படி வைத்தாள். லிங்கைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வருகிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. நேரில் போய், வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வருவோம். அதிலும் கூடப்பிறந்தவளுக்குத்தான் முதல் அழைப்பு. பழமும் சீனியும் தட்டில் வைத்து ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தார் அத்தா. அதற்கு முன்பே துபாயில் இருக்கும் மாமியின் மகன் முஜிபுர் மச்சான் லிங்கைத் திறந்துவிட்டார். ஜும்மா முடிந்து வந்து, ஆசையாசையாக அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"பாஜிலா கல்யாணத்துக்கு வர்றீகளான்னு கேட்டிருக்காம்மா."

"என்னையவா கேட்டிருக்கா?"

"ஆமா. வருவேன்னு அமுக்கவா?"

"இன்னொண்ணு என்னலே இருக்கு?"

"வர இயலாதுன்னு இருக்கு."

"அதை அமுக்கு."

அம்மா பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத பிள்ளை, அமுக்கிவிட்டார். துபாயிலிருந்து சிங்கப்பூர்வரை எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், மணப்பெண்ணின் மாமியே வரவில்லை என்பதைப் படித்தார்கள்.

அத்தா தட்டோடு ஓடினார். மாமி டீ கொடுத்தார். "அதான் பதில் சொல்லியாச்சே சம்சு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தன் அக்கா இல்லாமல் எந்த முகத்தோடு சபையில் உட்காருவது என்று அத்தா சாப்பாட்டையே ஒதுக்கினார்.

"மாமி பேரை அழிச்சிட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"மாமி சொன்னதை நான் அழிக்கவா?" என்றாள், கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்திருந்த பாஜிலா. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் என்னை இழுத்துக்கொண்டு தேனி பஸ் ஏறினாள். நாள் குறித்த பெண் வீட்டைவிட்டுக் கிளம்பலாமா என்று நான் முனகியதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. தேனியில் வேறு பஸ் மாறி வைகை அணையில் இறங்கினோம்.

மாமி எனக்கு டீயைக் கொடுத்தார், பாஜிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு இப்படி ஊர் ஊரா அலையலாமா?"

"உங்க பேருக்குக் கீழ இன்னொரு பேரும் ஏறியிருக்கு மாமி."

"யாரு?"

"நான்தான். காலையில அமுக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன். நீங்க இல்லாத கல்யாணத்துக்கு என்னாலயும் வர இயலாது."

மாமி இப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"கிறுக்கச்சி! நீ வராம யாருக்குடி நிக்காஹ்?"

பாஜிலா உடைந்து அழுதாள். "ஆபீஸ் புத்தியில கேட்டுட்டேன் மாமி. உங்களப் போய் கூட்டத்தோட கூட்டமா வச்சுட்டேனே."

அந்த நேரத்தில் என் செல்போன் அடித்தது. அத்தா அலறினார். "மாப்பிள்ளையோட அம்மா கேக்குறாக, பொண்ணே வரலைன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்காம்! எங்கடி இருக்கீக? நான் என்னத்தச் சொல்லுவேன்?"

மாமி போனைப் பிடுங்கினார். "சம்சு, கத்தாத. அவுக நம்பரக் குடு."

போடி மாப்பிள்ளை வீட்டு நம்பரை என்னையே போட்டுத் தரச் சொன்னார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் பொண்ணோட மாமி லத்திபா பேசுறேன். மிஷின்ல ஏதோ கைபட்டு அப்படி ஏறியிருக்கு. ஆமா, என் பேரும் அப்படித்தான் ஏறிப்போச்சு. நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீக. பொண்ணு வரும். நான்தான் கூட்டிட்டு வருவேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பாஜிலாவின் முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். உள்ளே போய்ப் பையில் சேலைகளை அடுக்க ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் அத்தா நின்றிருந்தார். எங்கள் இரண்டு பேரையும் முறைத்தார். பிறகு படியிலிருந்து இறங்கிய மாமியின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வாக்கா" என்றார்.